கொட்டாஞ்சேனைப் பானையின் நட்டு

கொட்டாஞ்சேனையில் எனக்கு அறை தந்தவர் வாடகையோடு ஒரு வேலையும் தந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பியர் காய்ச்சுவார். காய்ச்சிய பானையை நான் கழுவ வேண்டும். தனக்கு முதுகு குனியாது என்றார். என் முதுகு குனியும் என்பதை என்னைப் பார்த்த உடனேயே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் கப்பலில் வேலை. அந்தப் பானையை எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, துணி சுற்றித் தகப்பனுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். நானோ யாழ்ப்பாணத்தில் முட்டைகூட ஏறாத ஒரு வீட்டிலிருந்து கோட்டையில் ஒரு கம்பனிக்கு வேலைக்கு வந்தவன். நான் கொழும்பில் சாராயப் பானை கழுவுகிறேன் என்று என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி முழுகியிருப்பார். அது சாராயம் இல்லை, பியர் என்று சொல்லியும் பயன் இருந்திருக்காது.

பானை பெரியது, எவர்சில்வர், அடியில் ஒரு குழாய். அதற்குள்ளே உண்மையான அடிக்கு இரண்டு விரல் மேலே இன்னொரு அடி இருந்தது: குட்டிக் கால்களில் நிற்கும் ஒரு ஓட்டைத் தட்டு. அவித்த தானியம் தட்டின்மேல் தங்கும், சாறு மட்டும் ஓட்டைகளால் கீழே இறங்கும். தட்டின் நடுவிலிருந்து வளைந்த ஒரு சின்னக் குழல் வெளிக்குழாயோடு போய்ச் சேரும். அந்த இரண்டையும் பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு பித்தளை நட்டு. நட்டு தளர்ந்தால் குழல் நழுவும், உமி குழாய்க்குள் போய் அடைக்கும், அத்தனையும் பாழ்.

காய்ச்சி முடிந்ததும் நான் தோள்வரை கையை உள்ளே விட்டு நட்டைத் திருப்பிக் கழற்றுவேன். தட்டைத் தூக்கினால் அடியில் கஞ்சி மாதிரி ஒரு சேறு கிடக்கும். பிறகு விளக்குமாற்றில் ஈர்க்கு ஒன்றை முறித்து, ஓட்டை ஓட்டையாகக் குத்தி உமியை எடுக்க வேண்டும். அவர் கதிரையில் இருந்தபடி தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். ஒரு ஓட்டை இருட்டாக இருந்தால் திருப்பித் தருவார்.

இதையெல்லாம் நான் வாய் திறக்காமல் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது சண்டைக்காலம். வடக்கிலிருந்து வந்த ஒருவன் கொழும்பில் ஒரு வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் பொலிசுக்குக் கொடுக்கும் படிவத்தில் அவன் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் அவன் வாடகைக்கு இருப்பவன். இல்லாவிட்டால் அவன் யாராகவும் இருக்கலாம், பொலிஸ் தேடும் ஆளாகவும் இருக்கலாம். என் பெயரைப் போட்டாயிற்றா என்று ஒருமுறை கேட்டேன். "ஓம் தம்பி, அது எப்பவோ குடுத்தாச்சி" என்றார். படிவத்தைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயதில் மூத்தவர், மாதா கோயிலில் பூசைக்கு முன்வரிசையில் நிற்பவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது? எங்கள் ஊர்ப்பிள்ளைகளைக் கெடுத்ததே இந்த மரியாதைதான்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கான பியர் காய்ச்சும் சனிக்கிழமை வந்தது. பானை அடுப்பில் இருந்தது. ஒழுங்கை முழுவதும் அவித்த தானிய வாசம். ஈஸ்ட் போதாது என்று என்னைப் பேக்கரிக்கு அனுப்பினார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒழுங்கையின் முகப்பை ஆமிக்காரரும் பொலிசும் மறித்திருந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. சட்டைப்பையில் ஈஸ்ட் தூள். அது என்ன தூள் என்று கேட்டார்கள். பாண் போடுகிற தூள் என்றேன். நீ பேக்கரிக்காரனா என்று கேட்டார்கள். நான் கைநீட்டி வீட்டைக் காட்டினேன், என்னைக் கதவடிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் கதவை ஒரு சாணளவு திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு துவக்குகளைப் பார்த்தார். இவன் இங்கேயா இருக்கிறான் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றால் என் அறையைப் பார்க்க உள்ளே வருவார்கள். உள்ளே வந்தால் அனுமதி இல்லாமல் காய்ச்சும் பானை அடுப்பில் கொதிப்பதையும் காண்பார்கள். இந்தக் கணக்கை அவர் போட்டு முடிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"தன்னே நே, மாத்தயா" என்றார். தெரியாது, ஐயா. கதவு சாத்திக்கொண்டது.

மூன்று நாள் உள்ளே இருந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டின் படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அது என்னுடையது அல்ல. நான் குத்தியெடுத்த ஓட்டைகள் எத்தனை, அவர் எழுதாமல் விட்ட எழுத்துகள் எத்தனை என்று அந்தச் சீமெந்துத் தரையில் படுத்தபடி யோசித்தேன். கடைசியில் என் கம்பனி மேலாளர் கடிதத்தோடு வந்து என்னை வெளியே எடுத்தார்.

வேறு போக்கிடம் இல்லாததால் அதே அறைக்குத்தான் திரும்பினேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. "பானை அப்பிடியே காஞ்சி கெடக்குது தம்பி. ஊறப்போட்டா கழண்டிரும்" என்றார்.

ஊறப்போட்டேன். குந்தியிருந்து கழுவினேன். மூன்று நாள் காய்ந்த உமி ஓட்டைகளுக்குள் சீமெந்தாக இறுகியிருந்தது. இந்தப் பானைக்காகத்தான் என்னை விற்றான் என்று ஒவ்வொரு ஓட்டையிலும் நினைத்துக்கொண்டு குத்தினேன். பானையைச் சுத்தியலால் அடித்து நெளிக்கலாம் என்று முதலில் தோன்றியது. நெளிந்த பானையை நிமிர்த்திவிடுவார். தட்டை ஒளிக்கலாம், அன்றைக்கே தேடுவார். அப்போதுதான் உள்ளங்கையில் கிடந்த நட்டைப் பார்த்தேன். அது வெளிநாட்டு மரை; நம்முடைய கடைகளில் கிடைக்கும் எந்த நட்டும் அதற்குப் பொருந்தாது என்று அவரே எனக்குப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

தட்டைப் பளபளவென்று துடைத்துப் பானைக்குள் இருந்த இடத்திலேயே வைத்தேன். குழலையும் பொருத்தியது மாதிரி நிறுத்தினேன். அவர் மேலால் எட்டிப் பார்த்து, முதல்முறையாக, நல்லாக் கழுவியிருக்கிறாய் என்றார். நட்டு என் காற்சட்டைப் பையில் இருந்தது. அடுத்த கிழமையே வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் பொலிசுக்குக் கொடுத்த படிவத்தை நான் வாங்கி, என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினேன்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு நத்தாரும் எனக்கும் நத்தார்தான். உமி அடைத்த குழாயின் முன்னால் அவர் முதுகு வளைந்து நிற்பதை நினைப்பேன். நத்தாருக்கு அவர் வீட்டுக்கு வரும் துறைமுகத்துக் கூட்டாளிகள் வெறும் கிளாஸோடு இருப்பதை நினைப்பேன். அன்றைக்குச் சோறு வழக்கத்தைவிட ஒரு பிடி கூட இறங்கும்.

இரண்டு வருடம் கழித்து, மார்கழி மாதத்து ஒரு பின்னேரம், கொட்டாஞ்சேனைக்காரர் என் கம்பனியில் விலாசம் கேட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கதிரையைக் காட்டினேன், தேத்தண்ணீர் கொடுத்தேன். அதைக் குறைசொல்ல யாராலும் முடியாது. கோப்பையை என் மேசையில் வைத்தார். அந்த மேசையின் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள்தான் நட்டு கிடந்தது.

ஏழு வருடத்துக்குப் பிறகு மகன் இந்த நத்தாருக்கு வீட்டுக்கு வருகிறானாம். வருகிறவன் தான் வாங்கித் தந்த பானையில் ஒரு கிளாஸ் ஊற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறானாம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தாராம். ஒருகொடவத்தையில் ஒரு பட்டறையில் கடைந்தும் பார்த்தாராம், மரை பிடிக்கவில்லையாம்.

"கடைசியாக் கழுவினது நீங்கதானே தம்பி. அந்த நட்டு எங்க போச்சிண்டு தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு நான் தமிழில் எத்தனையோ பதில்களை இரண்டு வருடமாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"தன்னே நே, மாத்தயா" என்றேன்.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மேசையைப் பிடித்து மெல்ல எழும்பினார்.

"சரி தம்பி" என்றார். "நானும் அண்டைக்கு அப்பிடித்தானே சொன்னனான்."

இதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். ஒரு நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் லாச்சியைத் திறந்திருப்பான். நான் திறக்கவில்லை. மகன் வரட்டும், வந்து வெறும் கிளாஸைப் பார்க்கட்டும், ஏன் என்று தகப்பனிடம் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி முடிக்கும்வரை, லாச்சியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.