இரண்டாவது காருக்குப் போனஸ் இல்லை

1. மில்லுக்காரரின் கேள்வி

ரைஸ் மில் தனகோட்டி புது அம்பாசடரின் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் வாகன இன்ஷூரன்ஸ் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்போது இந்தத் தொழில் தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. கிளை மதராஸில், எனக்குக் கடைத்தெருவில், சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்தவர்களே சிலர். இரண்டு கார் வைத்திருந்தவர் தனகோட்டி மட்டும்.

பழைய லேண்ட்மாஸ்டர் காரை அவரே ஓட்டுவார். வருஷக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு ஒரு கிளெய்ம்கூட வந்ததில்லை. அதற்காகப் பிரீமியத்தில் ஒரு கழிவு உண்டு. நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். மற்றவர்கள் அதை மிச்சப்பட்ட காசாகப் பார்த்தார்கள். தனகோட்டி நன்னடத்தைச் சான்றிதழாகப் பார்த்தார். நெல் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

புது வண்டிக்கு முழு பிரீமியம் என்று நான் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஓட்றவன் நான். இடிக்காதவன் நான். அதே கை, அதே காலு. புது வண்டில ஏறினா மட்டும் கண்ணு அவிஞ்சிப் பூடுமா?"

"போனஸ் உங்க கைக்கும் காலுக்கும் இல்லீங்க. அந்த வண்டியோட பாலிசிக்கு."

"சரி, ரெண்டையும் ஒரே நேரத்துல நான் ஓட்ட முடியுமா? ஒண்ணு ரோட்டுல போனா இன்னொண்ணு ஷெட்டுல நிக்கும். அந்த ஒரு போனஸ ரெண்டுக்கும் குடுத்தா கம்பெனிக்கு இன்னா நட்டம்?"

 கட்டண விதிகள் அச்சான டாரிஃப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் விதியைப் படித்துக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். படித்தேன். இரண்டாவது வண்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழையதை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக வாங்கியதாக இருந்தால் மட்டும், விற்றதற்கு அத்தாட்சி காட்டினால், போனஸ் புதியதற்கு மாறும்.

"வித்தா மாறுமா?" என்றார். முகம் தெளிந்துவிட்டது. தற்காலிகக் கவர் நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

2. விற்பனை

அடுத்த மாதம் அத்தாட்சியோடு வந்தார். வல்லத்தில் இருக்கும் அவர் மனைவியின் தம்பி ஏழுமலைக்கு லேண்ட்மாஸ்டரை விற்றிருந்தார். கடலூர் வரை போய் ஆர்.சி. புத்தகத்தில் பெயரையும் மாற்றியிருந்தார். கிளை ஒரு கேள்வியும் கேட்காமல் போனஸை அம்பாசடருக்கு மாற்றியது.

ஏழுமலை ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்பதும், வண்டி மில் ஷெட்டிலேயே நின்றது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஏழுமலையே வந்து நின்றபோதுதான்.

"சார், ஒரு லேண்ட்மாஸ்டர இன்ஷூர் பண்ணணும். மாமாவோட போனஸ் எனக்கு வருமா?"

"வராது. அது அவரோட புது வண்டிக்குப் போயிடுச்சு."

"போவட்டும். வண்டி வந்துச்சே, அது போதும்."

"வண்டி இப்ப எங்க இருக்கு?"

"கீழதான் நிக்குது. எங்க அக்காவே சாவியக் குடுத்து அனுப்புச்சு. அதுக்கு ரொம்ப நாளா ஆச சார், தம்பி கார்ல வரணும்னு."

ஜன்னல் வழியே பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் முனகிக்கொண்டே பங்க்சர் தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

3. லெட்டர்

மறுநாள் தனகோட்டி வந்தார். இந்த முறை மேசைமேல் வைக்கச் சாவி இல்லை.

"எடுத்துக்கினு பூட்டான் சார். கேட்டா, 'நீதான வித்த மாமா'ன்றான். வூட்டுல கேட்டா, 'எந்தம்பி பேர்ல இருக்குது, எந்தம்பி எடுத்துக்கினு போறான், உனுக்கு இன்னா'ன்றா. அது சும்மாப் பேருக்கு எழுதினதுன்னு கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க சார். அதக் காட்டி வண்டியப் புடுங்கிடறேன்."

லெட்டர் போடலாம். போட்டால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். போனஸ் ரத்தாகும். அம்பாசடரின் பாலிசியே கேள்விக்குள்ளாகும். எல்லாவற்றுக்கும் முதலில், விற்காததை விற்றதாகக் காட்டிக் கழிவு வாங்கினேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"பொய் சொன்னேன்னு எழுதணுமா?"

"பொய்ன்னு வேணாம். தவறான தகவல் குடுத்துட்டேன்னு எழுதலாம்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"ஒண்ணுதான்."

 தனகோட்டி, "அந்த வண்டிலதான் சார் ஓட்டவே கத்துக்கினேன்" என்றார். "கோட்டைக்குப் போற ரோட்டுல, ஆள் இல்லாத நேரமாப் பாத்து. இந்நாள் வரைக்கும் ஒரு கீறல் கெடயாது."

நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தேன். அது என் வேலை. அவர் காகிதத்தை என் பக்கமே தள்ளினார்.

"கார் போனாப் போவுது. எழுதாதீங்க."

4. ரினியூவல்

அடுத்த வருஷம் ரினியூவலுக்கு வந்தார்.

"போனஸ் ஏறிச்சா சார்?"

"ஏறிச்சு."

"ஏறும். ஏறாம இன்னா." திருப்தியாகச் சிரித்தார். சட்டை முதுகில் பஸ் சீட்டின் தூசி அப்பியிருந்தது.

"அம்பாசடர் எங்கங்க?"

"ஷெட்டுல கீது. இன்னிக்கி சந்த சார். எவனாச்சும் மாட்டு வண்டியக் கொண்டாந்து மேல வுட்டுடுவான்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல மல்லாட்ட மூட்ட ஏத்திக்கினு லாரிங்க வருது" என்று வேர்க்கடலை லாரிகளின் மேல் பழியைப் போட்டார்.

கீழே வல்லம் பக்கமிருந்து வந்த ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எட்டிப் பார்க்காமலே, "நம்ம வண்டிதான்" என்றார். மாடிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"சார், வண்டிய வெளிய எடுக்காமயே வெச்சிருந்தா, அதுக்குக் கம்பெனில எதுனா உண்டா?"

உண்டு. முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு, தொடர்ந்து சில மாதங்கள் ஷெட்டைவிட்டு எடுக்காமல் வைத்திருந்தால், பிரீமியத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். பக்க எண்ணோடு எனக்கு மனப்பாடம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். விதியை யார் கேட்டாலும் சொல்லலாம். சலுகையை மட்டும், அது அந்த மனிதரை என்ன செய்யும் என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

"பஸ்ஸு வந்துடுச்சு பாருங்க" என்றேன்.