கன்ரபரியில் நான் கேட்காத சொல்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் மாமாமேல், பிறகு அம்மாமேல், கடைசியில் என்மேல்.

மொன்றியலில் இருந்து லண்டனுக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்குப் பத்து வயது. அன்று என்னைத் தேம்ஸ் கரைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் எல்லாம் தலைகீழ். கொழும்பில் சித்திக்கு அன்றுதான் இருதய ஒப்பரேசன். அம்மா கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். பக்கத்துத் தெருவிலேயே ஒரு கத்தோலிக்கக் கோயில் இருந்தது. மாமாவுக்கு அது காணாதாம். தங்கச்சிக்காகப் பெரிய கோயிலில்தான் மன்றாடவேண்டும் என்று ஒன்றரை மணித்தியாலம் காரோட்டி எங்களைக் கன்ரபரிக்குக் கொண்டுபோனார். அது கத்தோலிக்கக் கோயிலே அல்ல, வேறு சபையின் கோயில் என்பது, பன்னிரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்த மனிதருக்குத் தெரியாது.

மாமா கார் நிறுத்தப் போய்விட்டார். உள்ளே அம்மா தூண் தூணாகத் தேடினார். நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழையைக் காணவில்லை. அதற்கு முன்னால் முழந்தாளிட்டால்தான் அவருக்கு அது மன்றாட்டு. யாரிடமும் கேட்க அவருக்கு ஆங்கிலம் வராது.

"பிள்ளை, தபர்நாக்கிள் எங்க எண்டு வாசல்ல நிக்கிற மனுசியைக் கேள்."

எனக்கு முகம் எரிந்தது. பேழைக்கான அந்தப் பெயர், எங்கள் மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் வாயில் வரக்கூடாத தூஷணம். அந்தச் சொல்லைச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

"நான் கேக்கமாட்டன்."

"சித்தி அங்க மேசையில கிடக்கிறா. கேளடி."

ராட்டினமும் போய், இதுவும் வேறா என்று எனக்கு விசர் பிடித்தது. மூலையில் ஒரு மர அலுமாரி பூட்டிக் கிடந்தது. மேலே, பேழைக்குப் பக்கத்தில் எரிவதைப்போல, சின்ன விளக்கு. சற்று முன்தான் ஒருவர் அதைத் திறந்து பாட்டுப் புத்தகங்கள் எடுத்ததை நான் கண்டிருந்தேன்.

"அதுதான்" என்று காட்டினேன்.

வெறுங்கல்லில் அம்மா முக்கால் மணித்தியாலம் முழந்தாளில் நின்றார். ஆட்கள் விலத்திப் போனார்கள். நான் பின்னால் நின்று, நல்லா வேணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் மாமாவின் போன் அடித்தது. சித்தி மேசையிலேயே போய்விட்டார்.

அம்மா கத்தி அழவில்லை. "நான் வடிவா மன்றாடேல்லை, அண்ணை. பராக்குப் பாத்திட்டன்" என்று மட்டும் மாமாவிடம் சொன்னார்.

பின்சீட்டில் இருந்த எனக்கு, என் பொய் பிடிபடவில்லை என்ற நிம்மதிதான் அப்போது. அந்த ஒரு வசனத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.