ஓரத்து வீட்டுக் கூரை

மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்தில் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் என் கைப்பேசிக்கு உயிர் வந்துவிடும். கூரை ஒழுங்காக இருக்கும்வரை என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு காற்று அடித்து, முன்வாசல் தகரம் பக்கத்து வீட்டுக் காரின்மேல் போய் உட்கார்ந்த பிறகுதான், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். வீடுகளுக்குக் கூரை போடுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. காற்றின் புண்ணியத்தில் மகளைப் படிக்க வைத்தவன் நான். அதனால் காற்றைத் திட்ட எனக்கு வாய் வராது.

தெற்கே சுங்காய் பக்கம் காற்று என்று கேள்விப்பட்டால் மட்டும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன். அங்கேதான் அக்கா இருக்கிறாள். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில், லயத்தின் ஓரத்து வீட்டில், தனியாக.

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வீட்டுக்கு வீடு பலகைச் சுவர் உண்டு, ஆனால் கூரை எல்லாருக்கும் ஒன்றுதான். சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மற்ற வீட்டுக்காரர்கள் அந்த வாசனையிலேயே வெறும் சோற்றைத் தின்றுவிடலாம். வாசனை போகும் வழியில்தான் காற்றும் போகும். ஓரத்து வீட்டுத் தகரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், வாழைப்பழத் தோல்போல வரிசை முழுவதையும் உரித்துக்கொண்டு போய்விடும்.

அதனால் எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஓரத்து வீட்டின் உத்தரங்களில் தடித்த கயிறுகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரக் காட்டுக்குள் காற்று இரைந்துகொண்டு வரும் சத்தம் கேட்டதும், எல்லா வீட்டு ஆட்களும் போட்டது போட்டபடி அந்த வீட்டுக்கு ஓடவேண்டும். கிடைத்த கயிற்றைப் பிடித்து, கூரை எழும்பாதபடி தொங்கவேண்டும். கனமான ஆட்களுக்கு அன்றைக்குத்தான் மரியாதை. மளிகைக்கடை முதலாளி ஒருமுறை கடன் பாக்கி கேட்க வந்து காற்றில் மாட்டிக்கொண்டார். அவருடைய தொப்பையைப் பார்த்துவிட்டு, நல்ல கயிறாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது ஊஞ்சல். தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. வாய் மட்டும் அசையும். அதைப் பார்த்தே சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். சண்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பேசாத பெண்கள்கூட ஒரே கயிற்றில் முகத்தோடு முகம் உரசத் தொங்குவார்கள். காற்று நின்றதும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ஓரத்து வீட்டில் எல்லாருக்கும் கறுப்புக் காப்பி கிடைக்கும். அந்தக் காப்பியின் ருசியை இன்றுவரை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. ஈப்போக்காரர்கள் தங்கள் காப்பியைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நான் சும்மா தலையாட்டி வைப்பேன்.

ஓரத்து வீட்டு அண்ணனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆனபோது, ஜாதகம் அப்படிப் பொருந்தியதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் எப்போதும் ஒரே கயிற்றைத்தான் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி அவள் நாலு வீடு தள்ளித்தான் போனாள். அதற்கே நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். வேலை குறைய, ஆட்களும் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். போகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். புது இடத்தில் சமையல்கட்டு இழுத்துக்கட்ட உதவும் என்று. யாரையும் குறை சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து எடுத்துப்போக எங்களுக்கு வேறென்ன இருந்தது? கடைசியில் அக்கா வீட்டுத் தலையில் மட்டும்தான் கூரை மிஞ்சியது. அக்காவின் கணவர், என் மாமாவும் காலமான பின் அவள் நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போய்க்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

இருந்ததற்குக் காரணம் உண்டு. வெளியேறாமல் இருப்பவர்களுக்கு, அவர்கள் காலம் உள்ளவரை அந்த வீடு என்று தோட்டத்து ஆபீஸ் சொல்லியிருந்தது. ஆனால் கூரை விழுந்தால் வீடு ஆபத்தானது என்று பூட்டிவிடுவார்கள். இருக்கிற பழைய தகரத்தை வைத்துப் பழுது பார்க்கலாம், புதுத் தகரம் ஏற்றக்கூடாது. ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவனின் அக்கா, தகரம் பறக்காமலிருக்க அதன்மேல் பழைய டயர்களை அடுக்கிவைத்துவிட்டுக் கீழே படுத்திருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கீழ் அறையை ஒழித்து, வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டி வைத்தேன். வந்து பார்த்தாள். அறை நன்றாக இருக்கிறது என்றாள். மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

"ஏன்க்கா, என் பொண்டாட்டி ஏதாச்சும் சொன்னாளா?"

"ஐயோ, அது தங்கமான புள்ளடா. ஆனா ஒன் வீட்ல நான் மத்தியானத்துல காலை நீட்டணும்னா யாராச்சும் பாக்குறாங்களான்னு மொதல்ல பாக்க வேண்டியிருக்கு. அங்க அப்படி இல்லலா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் கொஞ்ச நாள் கூப்பிடாமல்கூட இருந்தேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "தம்பி, கூரை போச்சுடா. என் கட்டிலும் நகந்துருச்சு" என்றாள். கூரை புரிந்தது. கட்டில் புரியவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உத்தரத்தில் தொங்கிய பழைய கயிறுகளின் நுனிகளை எல்லாம் தன் இரும்புக் கட்டிலின் கால்களில் கட்டியிருக்கிறாள். காற்று வந்ததும் கட்டிலின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். கட்டிலும் கனம், தானும் கனம் என்று கணக்கு. காற்று கூரையைத் தூக்க, கூரை கட்டிலைத் தூக்க, அக்கா ஒரு பக்கம் மிதந்திருக்கிறாள். கயிறு அறுந்ததால் பிழைத்தாள்.

"வேற என்னடா பண்ணச் சொல்ற? இழுத்துப் புடிக்க ஆளு இல்ல. ஒத்த ஆளா எத்தன கயித்தப் புடிக்கிறது?"

முதலில் சிரித்தேன். பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கயிறு உரசித் தோல் வழன்றிருந்தது. படுத்திருந்தபடியே ஒன்றைக் கையிலும் பிடித்திருக்கிறாள். அவ்வளவு பேர் தொங்கிய இடத்தில் அவள் ஒருத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இருக்க மேலே வானத்தைப் பார்த்தேன். வீட்டுக்குள் நின்றபடி வானம் தெரிந்தது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போயிருந்தார். அதற்குள் கூரை நிற்கவேண்டும்.

"நின்னா இங்க இருக்கேன். நிக்கலேன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒங்கூட வாரேன். இனிமே அடம் புடிக்கமாட்டேன்டா" என்றாள் அக்கா.

இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. கேட்டதும் மனசு குளிர்ந்தது உண்மை. தரையில் கிடந்த தகரங்களைப் புரட்டிப் பார்த்தேன். பாதி மடங்கிக் கிடந்தன. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது என்று தோன்றியது. முடியாமலே போகட்டும் என்றும் தோன்றியது.

அக்காவுக்கு அடுத்த வீட்டில் இருந்தவன் இப்போது ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் லாரி ஓட்டுகிறான். சொந்தமில்லை. ஆனாலும் சின்ன வயசிலிருந்து எனக்கு மச்சான்தான். அவனைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே கேட்டான்:

"என் வீட்டுத் தகரத்தக் கழட்டுனதாலதானே மச்சான் காத்து உள்ள பூந்துச்சு?"

"அப்படி இல்லடா" என்றேன். அப்படித்தான். திறந்து கிடந்த அந்தப் பக்கம் வழியாக உள்ளே நுழைந்த காற்றுதான் கூரையைக் கீழிருந்து தூக்கியிருந்தது.

மத்தியானத்துக்குள் லாரியில் வந்து இறங்கினான். லாரி நிறையப் பழைய தகரம். தன் வீட்டுச் சமையல்கட்டுக் கூரையைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தான். எங்கள் லயத்துக்கே உரிய பச்சைச் சாயம் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒன் பொண்டாட்டி எங்கடா சமைப்பா?" என்று அக்கா பதறினாள்.

"ஒரு வாரம் கடையில மீ கோரெங் வாங்கித் தின்னா செத்துற மாட்டோம்க்கா. இது இந்த லயத்துத் தகரந்தானே, ஆபீஸ்காரன் என்ன சொல்ல முடியும்? மச்சான், நீ ஏறு, நான் தூக்கிக் குடுக்கிறேன்."

ஏறினேன். அவனுடைய பழைய வீட்டுப் பக்கம் திறந்து கிடந்ததை முதலில் தகரத்தால் அடைத்தோம். உத்தரங்களைத் தூணோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். பழைய ஆணி ஓட்டைகளை ஒட்டுப் போட்டு மூடினேன். ஆணிக்குப் பதில் ரப்பர் வாசர் வைத்த ஸ்குரு. ஓரங்களில்தான் காற்று விரல் நுழைக்கும் என்பதால் அங்கே நெருக்கமாகப் போட்டேன். பல வருஷம் டவுனில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் கூரை போட்டிருக்கிறேன். பிறந்த வீட்டு வரிசையின்மேல் உட்கார்ந்து வேலை செய்தது அதுதான் முதல்முறை. மேலிருந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் செம்பனைதான். எங்கள் பால்மரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழே அக்காவும் மச்சானும் போட்டுக்கொண்ட சண்டை அப்படியே பழைய சண்டை. கோழி திருடிய கதையை அக்கா எடுத்தாள். அது கோழி இல்லை, வாத்து என்று அவன் திருத்தினான். எனக்குக் கீழே இறங்கவே மனசில்லை.

கடைசி வரிசை, அக்கா கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஓரம். கையில் ஸ்குரு முடுக்கியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். இந்த வரிசையைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும். கிராணி கண்ணுக்குத் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. அடுத்த பெருங்காற்றில் இந்த ஓரம் எழும்பும், அக்கா என் வீட்டுக்கு வந்துவிடுவாள். தினமும் காலையில் அவள் முகத்தில் விழிக்கலாம்.

கீழே அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புண்ணான கை என்பதால் துணியைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"மெதுவாடா தம்பி. விழுந்து கிழுந்து வச்சிறாத. அவசரமே இல்ல" என்றாள்.

ஒவ்வொன்றாக இறுக்கி முடுக்கினேன்.

கிராணி வந்தார். தூணை ஆட்டிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். "சியாப் லா, வேலை முடிஞ்சிருச்சு, இனிமே ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார். அக்கா என் தலையைத் தடவினாள். நான் தலை நரைத்தவன் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் போட்ட கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, மங்கிவரும் சாயங்கால வெயிலில் ஈப்போவுக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் சுங்காய் பக்கம் மறுபடி பெருங்காற்று. மனசு கேட்கவில்லை, உடனே கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள். குரலில் தூக்கம்.

"காத்தா? எப்ப அடிச்சுச்சு? நான் நல்லா காலை நீட்டித் தூங்கிட்டேன்டா."

என் அக்கா வாழ்நாளில் ஒரு காற்றுக்கும் தூங்கியவள் இல்லை. சரிக்கா, தூங்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன். நான் இதுவரை போட்ட கூரைகளிலேயே நல்ல கூரை அதுதான். அது நிற்கும்வரை அக்கா என் வீட்டுக்கு வரமாட்டாள்.