வெட்டாத பத்திரிகை

யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என் மனைவி மரிய புஷ்பம் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பொண்ணு யார், மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அப்புறம். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் முகம் மலரும். பூப்போட்டிருந்தால், "காசைக் கரியாக்கியிருக்காங்க" என்று மேசைமேல் போட்டுவிடுவாள். பத்திரிகை வைக்க வந்தவர்கள் எதிரிலேயே இது நடக்கும். நான்தான் அசடு வழியச் சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பி வைக்க வேண்டும்.

அவள் வரதராஜன்பேட்டைக்காரி. திருமானூர் பக்கத்தில் ஓர் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டு அழகாகச் சொல்லும். திடீரென்று "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டால் போச்சு. ஓரெட்டிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு மருந்துதான் மின்னட்டை. ஓர் அட்டைக்கு ஒரு கணக்கு. கலைத்துப்போட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினால், பார்த்தவுடன் விடை வாயில் வர வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அட்டைக்கு வழி சொல்லவில்லை. சோப்பு டப்பாவில் எழுதினால் மை ஊறியது. காலண்டர் தாள் கையில் துவண்டது. கல்யாணப் பத்திரிகைதான் விறைப்பாக நின்றது. ஊரெல்லாம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பின்பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. 1979இல் எங்களுக்கு நிச்சயமானபோது, தன் அண்ணன் மூலமாக ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். பத்திரிகையை அவள்தான் தேர்ந்தெடுப்பாளாம். ரோஜாப்பூ, ஜோடிப் புறா என்று ஏதோ ரசனையாகப் போடப் போகிறாள் என்று நினைத்து நானும் குளிர்ந்துபோய்ச் சரி என்றேன்.

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசித்த மறுநாள், அண்ணனோடு அரியலூர் கடைவீதிக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். அச்சகம் நடத்திய நடராசன் மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துப் பரப்பினார். அவள் ஒன்றின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திருப்பினாள். வளைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பேனாவை எடுத்துப் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, மை பரவுகிறதா என்று பார்த்தாள்.

"பொடவை எடுக்கறாப்ல தடவிப் பாக்குறாங்களே!" என்றார் நடராசன்.

கடைசியில் ஒரு தடித்த வெள்ளை அட்டையை எடுத்தாள். "இதுல போடுங்க. என் உள்ளங்கை அகலம் போதும். பின்னாடி ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

எனக்குச் சுரீரென்றது. "உள்ளங்கை அகலத்துல எங்க தாய்மாமன் பேரை எங்க போடுறது? அத்தை, சித்தப்பா, பெரியப்பா?"

"ரெண்டு பேர் பேரு, கோயில், தேதி. அது போதும்ங்க. மத்தவங்களை நேர்ல போயி கூப்பிட்டுக்கலாம்."

பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாத குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. பஸ் டிக்கெட் அளவில் பத்திரிகை அடித்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? விருட்டென்று வெளியே வந்து எதிர்க்கடையில் டீ சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு அவள் தனியாக வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலர்க்கொடின்னு ஒரு பொண்ணு," என்று ஆரம்பித்தாள். "எங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருதான். அதோட கல்யாணப் பத்திரிகையையும் வாங்கி வெட்டினேன். வெட்டு சரியா நடுவுல விழுந்துருச்சு. ஒரு பாதியில மலர்க்கொடி. இன்னொரு பாதியில மாப்பிள்ளை ராசாங்கம். அந்தாளு கொஞ்ச நாள்ல பம்பாய்க்கு வேலைக்குப் போனாரு. ஒரு தகவலும் இல்ல."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"பொண்ணோட அம்மா பாப்பாயிக்கு என்கிட்ட படிக்கிற பையன் ஒருத்தன் உண்டு. விளையாடிக்கிட்டே ஒரு அட்டையைச் சட்டைப்பையில போட்டு வூட்டுக்குக் கொண்டு போயிட்டான். மஞ்சள் தடவின மூலை, பொண்ணு பேரு மட்டும் தனியா. அந்தம்மா பள்ளிக்கூட வாசல்ல வந்து, அதை எங்கிட்ட வீசிட்டு விழுந்து அழுதுச்சு. எம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ரெண்டா வெட்டிப்புட்டியேன்னு."

அந்த அழுகைக்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவளுக்குப் பத்திரிகை தரவில்லையாம். அவளும் கேட்கவில்லை. இருந்த அட்டைகளையெல்லாம் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். பிள்ளைகள் மறுபடி ஓரெட்டிலிருந்து ஏற ஆரம்பித்தன.

"கத்திரிக்கோல்னால குடும்பம் பிரியாதுன்னு எனக்குத் தெரியும்ங்க. ஆனா அந்தம்மா வயிறு எரிஞ்சதும் நெசம்தானே? இனிமே யார்கிட்டயும் போயி பத்திரிகை கேக்க மாட்டேன். என்னோடதையே கூடுதலா அடிச்சு அதுல எழுதிக்கிறேன். அதையும் வெட்ட மாட்டேன். அதான் அட்டை அளவுக்கே அடிக்கச் சொல்றேன்."

இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. வாயில் வந்தது வேறு. "எங்க மாமாகிட்ட நீயே வந்து சொல்லு" என்றேன்.

வந்து சொன்னாள். மரியசூசை மாமா பத்திரிகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம் பேருக்கு எடமில்லாத கல்யாணத்துல எனக்கு எலை மட்டும் எதுக்கு?" என்றார். எங்கம்மா ஒரு வாரம் அடுப்படியில் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். ஆனாலும் கல்யாணத்தன்று மாமா முதல் ஆளாகக் கோயில் வாசலில் நின்றார். பந்தியில் நன்றாகவே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், சட்டைப்பையிலிருந்த பத்திரிகையை எடுத்து, "இந்தாம்மா, எழுதிக்க" என்று அவளிடமே நீட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளி திறந்த பிறகு ஒரு நாள், அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வகுப்பின் கதவு டீச்சர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். எதிரே பிள்ளைகள், "அம்பத்தாறு!" என்று கத்தின. அடுத்தது. "எழுபத்ரெண்டு!" பிள்ளைகள் பார்த்த பக்கம் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவள் பார்க்கும் பக்கம். சவரிராஜ் – மரிய புஷ்பம். அடுத்த அட்டை. சவரிராஜ் – மரிய புஷ்பம். மற்ற டீச்சர்கள் மறக்காமல் இருக்க விடையைக் குறித்து வைக்கும் பக்கம் அது. நான் தூக்கைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். "டீச்சர்," என்று கூப்பிட்டாள். புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"மலர்க்கொடி... வாம்மா."

"எங்கம்மா பேசினதை மனசுல வச்சிக்காதீங்க டீச்சர். அந்த அட்டை இருந்தா குடுங்க. வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

புஷ்பம் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். இரண்டு பாதியையும் கோந்து போட்டு ஒட்டி, ஒரே அட்டையாக வைத்திருந்தாள். வெட்டின கோடு தெரிந்தது, ஆனால் விலகவில்லை. என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

மலர்க்கொடி வாங்கிப் பார்த்தாள். பெயர் இரண்டையும் விரலால் தடவினாள். பிறகு திருப்பினாள். ஒரு பாதியில் ஆறேழு, மறுபாதியில் ஆறெட்டு.

"அவரு இன்னும் வரலீங்களா?" என்று நான்தான் கேட்டேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"வரலீங்க. வர்றப்ப வரட்டும்." அட்டையை மறுபடி புஷ்பத்தின் கையில் வைத்தாள். "இது வூட்ல இருந்தா எங்கம்மா பாத்துப் பாத்து அழும். இங்கயே இருக்கட்டும் டீச்சர். ரெண்டு கணக்கையும் சேத்தே கேளுங்க."

புஷ்பம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மலர்க்கொடியைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த நீள அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

பிள்ளைகள் ஒரு நொடி குழம்பின. பிறகு ஒரே மூச்சில் கத்தின.

"நாப்பத்ரெண்டு! நாப்பத்தெட்டு!"

மலர்க்கொடி பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பேர் இரண்டும் இருந்த இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் புஷ்பமும் கை வலிக்க வலிக்க, அதை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.