நோவை நடிப்பென்று சொல்லச் சொன்னவர்கள்

நாள்பட்ட நோவோடு வாழும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கியபோது, கல்முனையில் நான் ஏறிய வீடுகளிலெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் தரவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணை அக்கா முறைக்கு நான் ராத்தா என்று கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்தியவர். இடுப்பில் தொடங்கிய நோவு கால்களுக்கும் தோள்களுக்கும் பரவ, மெசினில் குந்த முடியாமல் வகுப்பை நிறுத்தியிருந்தார். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் எதுவும் அகப்படவில்லை. என்னை வரச் சொன்னது கட்டாரிலிருந்து திரும்பியிருந்த கணவர். எங்கள் இருவருக்கும் நடுவில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எங்க நோகுது ராத்தா?"

"அவக்கு எல்லா இடமும் நோகும். வேலை எண்டா நோகும்" என்றார் கணவர்.

ராத்தா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் முறைத்தார். "நீங்க மண்டையப் பாக்கிற ஆளா?"

"நான் உளவியல் படிச்சிரிக்கன். நோவோட வாழ்ற ஆக்களப் பத்தி..."

"என்ட மண்டையில ஒண்டுமில்ல. கால் நோகுது எண்டு சொன்னா, மண்டையப் பாக்கிற ஆளக் கூட்டி வந்திரிக்காரு. மறுகா பைத்தியம் எண்டு ஊரெல்லாம் சொல்லத்தானே?"

காயமே இல்லாவிட்டாலும் நரம்புகள் நோவை அனுப்பிக்கொண்டே இருக்கலாம், ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது, கவலையும் நித்திரைக் குறைவும் அதைக் கூட்டும் என்று விளக்கினேன். கவலை என்ற சொல் வந்ததுமே ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? எல்லாம் யோசினை. நான் அப்பயே சொன்னனல்லவா?" நான் சொன்னதில் தனக்குத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த முறை போனபோது கணவரின் மூத்த சகோதரி வந்திருந்தார். இறக்காமம் என்ற ஊர்க்காரி. வேளாண்மை வெட்டி முடிந்து, நெல் மூட்டைகளோடு வந்து தங்கியிருந்தார். ராத்தாவைக் காணுமுன்னே என்னை வாசலில் மறித்தார்.

"நடிப்பா இல்லையா எண்டு நானே பாத்துட்டன் புள்ள. நல்லா நித்திரையா கிடக்கக்குள்ள கால முறுக்கினன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறுகா?"

"கத்தினா. அக்கம்பக்கமெல்லாம் எழும்பிட்டு. நித்திரையிலயும் நடிக்காள் எண்டா பாருங்களன், எவ்வளவு கள்ளம்!"

"நித்திரையில ஆரும் நடிக்க ஏலுமா? நீங்க செஞ்சது கொடுமை" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீ கலியாணம் முடிக்காத குமர். ஒனக்கென்ன தெரியும்?" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்தா என்னோடு கதைக்க மறுத்துவிட்டார். திரும்பும்போது கணவர் கேற் வரைக்கும் வந்தார். அவர் இன்னொரு கலியாணம் முடிக்க நினைத்திருப்பதும், அதற்கு மனைவியின் பக்கம் ஒரு குற்றம் தேவைப்படுவதும் அவர் சுற்றிவளைத்துக் கதைத்ததிலிருந்து அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பள்ளிவாசல் நிர்வாகத்தில ஒரு ஹாஜியாரோட இதப் பத்திக் கதைச்சிரிக்கன். இது நடிப்பு எண்டு நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

"பொய் சொல்ல மாட்டன் காக்கா. அவக்கு உண்மையா நோகுது" என்றேன், அண்ணன் முறை சொல்லியே.

"ஊடு ஊடாத் திரியிற பொம்புளப் புள்ள வாய அடக்கி வெச்சுக்கணும்" என்றார். ஆராய்ச்சியாளர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். நான் அந்த மனிதரை மனதார வெறுத்தேன்.

சில நாட்களில் ராத்தாவே போன் எடுத்தார். சலாம்கூடச் சொல்லவில்லை. "அசர் தொழுகைக்குப் பொறகு ஹாஜியார் வாறாரு. நான் நடிக்கன் எண்டு நீங்க சொன்னதா இவர் சொல்லிரிக்காரு. சொன்னீங்களா?"

"இல்ல ராத்தா."

"அப்ப வந்து இவர்ர மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

போனேன். ஹாஜியார் வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். "மகள், நீங்க சொன்னது என்ன?" என்று கேட்டார். ராத்தாவின் நோய் விவரத்தை அவருடைய சம்மதமில்லாமல் நான் வெளியே சொல்ல முடியாது. ராத்தாவைப் பார்த்தேன். தலையசைத்தார்.

"நோவு உண்மை. நடிப்பு எண்டு நான் ஒருக்காலும் சொல்லல்ல. நித்திரையில கால முறுக்கினா ஆருக்கும் நோகும்."

ஹாஜியார் திடுக்கிட்டு, "கால முறுக்கினதா? ஆரு?" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சகோதரி, நான் காசு வாங்கிக்கொண்டு குடும்பம் பிரிக்க வந்தவள் என்று கத்தத் தொடங்கினார்.

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவர் எழும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோவில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, இது என்ட உம்மாவும் வாப்பாவும் எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. ஒங்கட நெல்லையும் தம்பியையும் கூட்டிக்கிட்டு வெளிக்கிடுங்க."

ஹாஜியார் சமாதானம் பேசப் பார்த்தார். ராத்தா அசையவில்லை. மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னமே வாசலுக்கு ஓட்டோ வந்தது. கணவர் போகும்போது என்னைப் பார்த்துத் துப்பினார். துப்பல் படியில் விழுந்தது.

அவர்கள் போனபின் ராத்தாவின் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார். "ஒங்களால அவர் போனதா நினைக்காதீங்க. நான்தான் போகச் சொன்னன்."

கணவர் இறக்காமத்தில் மறுகலியாணம் முடித்துவிட்டார். ராத்தாவின் நோவு போகவில்லை. அவர்கள் வெளிக்கிட்ட வாரம் அது கூடித்தான் இருந்தது. இப்போது சில பிள்ளைகளுக்குத் தைக்கப் பழக்குகிறார். கொஞ்ச நேரம் குந்துவார், முதுகு இறுகுமுன்னே படுத்துக்கொள்வார். எங்கள் ஆராய்ச்சிக் குழு நடத்தும் நோயாளர் கூட்டத்துக்கும் வருகிறார். நான் சொல்கிற எதையும் மறுக்காமல் விடுவதில்லை. போன முறை மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லாருக்கும் முன்னால், "மூச்ச இழுத்தா நோவு போகுமெண்டா நான் எப்பவோ ஓடித் திரிஞ்சிருப்பன்" என்றார். அருகிலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.