காளை காய்ச்சிய ஜாங்கு

எழுமலைத் தப்பாட்டக்காரர் காளை தப்பைத் தீயில் காய்ச்சினால் தோல் பேசும் என்பார்கள். திருமங்கலம் கல்லூரி விழாவில், கொரியாவிலிருந்து ஜாங்கு மத்தளத்தோடு வந்த சோயோனுடன் அவர் சேர்ந்து அடிக்க வேண்டும். மழை ஈரத்தில் ஜாங்கு தொய்ந்திருந்தது. அவள் வருவதற்குள் அதை வைக்கோல் தீயில் காட்டினார். ஒரு பக்கத் தோல் படீரென்று கிழிந்தது.

"என்ன மாமா இப்புடிப் பண்ணிட்டீங்க! நேத்து அந்தப் பொண்ணு கயித்த இழுத்துத்தான தோல முறுக்குச்சு, பாக்கலையா?" என்று பதறினான் கூட்டாளி அழகுபாண்டி.

"பாத்தேன் மாப்ள. வெவரம் தெரியாம செய்யுதுன்னு நெனச்சேன்."

வந்து பார்த்த சோயோன் கோபிக்கவில்லை. மேடையேறி, கிழியாத பக்கத்தைக் கையால் தட்டத் தொடங்கி, தப்போடு நின்ற காளையைப் பார்த்துத் தலையசைத்தாள். கூட்டம் காளையின் பெயரைச் சொல்லிக் கூவியது. அவருக்குக் குச்சியைத் தூக்கக் கை வரவில்லை.