முதல் வரியை விட்டுவிட்டுப் படி

"எண்களை நம்புவதற்கு முன் அவற்றைக் கண்ணால் பார்." ஒவ்வொரு கல்வியாண்டிலும் என் முதல் வகுப்பை இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதித்தான் தொடங்குவேன். புள்ளியியல் பேராசிரியராக ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் தொடர்ந்தது. மாணவர்கள் அதைப் பொன்மொழியாக எடுத்துக்கொண்டு, என் பிரிவுபசார விழாவில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வேப்பம்பட்டு வீட்டில் அது என் கணினிக்கு நேர் மேலே தொங்குகிறது. இனி நான் சொல்லப்போகும் காரியத்தை அதற்கு அடியில் உட்கார்ந்துதான் செய்தேன்.

என் மனைவி வேதியியல் ஆசிரியை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் வேப்பம்பட்டுக்குக் குடிவந்தும் அவள் அந்தப் பக்கத்தை விடவில்லை. மாதம் ஒருமுறை காலையில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு தெருவுக்குப் போவாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பலரின் தெரு அது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு இருந்தது. தண்ணீர்தான் வாயில் வைக்கும்படி இல்லை. பேனாவைப் போன்ற ஒரு சிறு மீட்டரைத் தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பின் அளவு எண்ணாகத் தெரியும். அந்த எண்ணை வீடுவாரியாகக் குறித்து வந்து, மாதத்துக்கு ஒரு கோப்பாகக் கணினியில் தட்டச்சு செய்து வைப்பாள். என்றாவது தெருவுக்குக் குழாய் கேட்கும்போது பயன்படும் என்பது அவளுடைய கணக்கு. இதில் என் பங்களிப்பு, அவள் திரும்பிவரும் நேரத்தில் காப்பிக்குப் பால் காய்ச்சி வைத்ததும், அது பொங்கி வழிந்ததைத் துடைத்ததும்.

சென்ற ஐப்பசியில் அவள் இறந்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அந்தத் தெருவின் முதல் வீட்டுக்காரர். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியிடும் பிரிவில் வேலை. என் மனைவி அளக்கப் போகும்போதெல்லாம் விடுப்பு கிடைத்தால் கூடவே நடந்தவர். வருகிற திங்கட்கிழமை திருவள்ளூரில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறார்களாம். சும்மா "உப்புத் தண்ணி" என்று எழுதிக் கொடுத்தால் போன முறையைப் போலவே ஒரு ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். வீடுவாரியாகச் சராசரி போட்டு ஒரு தாள் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்றார்.

"டீச்சர் அளந்ததெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் சார் கீது. நீங்க கொஞ்சம் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

அரை மணி நேர வேலை என்று சொன்னேன். அதைச் சொன்ன தோரணை இப்போதும் நினைவிருக்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் யாரோ முள் எடுக்க வந்ததைப் போன்ற தோரணை.

அவளுடைய கோப்புகளை நான் திறக்கவில்லை. எதையும் திறந்து பார்க்காமலே வட்டிலிருந்து நேராகப் படித்துக்கொள்ளும் வசதி நான் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளுக்கு உண்டு. அதுதான் அதன் சிறப்பு என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். வகுப்பில் நடத்துவதற்காக என்றோ எழுதிய நிரல் ஒன்று கைவசம் இருந்தது. அதில் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டினேன். உப்பு அளவு இருக்கும் பத்தியில் உள்ளவை எண்கள் அல்ல, எழுத்துகள் என்று மென்பொருள் தெரிவித்தது. இது நோய்களில் சளியைப் போன்றது. வராத ஆள் இல்லை. என் பழைய நிரலில் அதற்கும் மருந்து இருந்தது. எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். எந்தக் கோபமும் எச்சரிக்கையும் இல்லாமல் மாற்றிக் கொடுத்தது. தெரு முழுவதற்குமான சராசரி பதினேழு என்று வந்தது.

பதினேழு என்பது ஏறக்குறைய மழைநீர். அப்போதாவது நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. தசம இடங்கள் ஒழுங்காக அமைந்திருந்த அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணை அழைத்து, மிகுந்த பரிவோடு, அளவீடுகள் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஏறக்குறைய மழைநீரைப் போல இருப்பதாகவும், மனுவின் வாசகத்தைச் சற்று மிதப்படுத்துவது நல்லது என்றும் சொன்னேன்.

அவர் தொழிற்சாலைப் பேருந்தில் இருந்தார்.

"சார், இந்தத் தண்ணில பருப்பே வேகாது. நீங்க இன்னாடான்னா மழைத்தண்ணின்றீங்க. அப்போ நாங்க மனுவ உட்டுட்டு வாட்டர் கம்பெனி வச்சிடலாமா?"

பக்கத்து இருக்கையில் யாரோ சிரித்தார்கள். மீண்டும் சரிபார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

படித்தவனுக்குத் தன்மீது சந்தேகம் வருவதற்கு முன் மற்ற எல்லாவற்றின்மீதும் வரும். நான் முதலில் மீட்டரைச் சந்தேகித்தேன். மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கினேன். யோக்கியமான எண்ணைத்தான் காட்டியது. அடுத்து அவளுடைய தட்டச்சைச் சந்தேகித்தேன். எங்காவது புள்ளி இடம் மாறியிருக்கும் என்று, இறந்துபோனவள்மீது ஒரு நாள் முழுவதும் குற்றம் சுமத்திக்கொண்டிருந்தேன். பிறகு மென்பொருளே பழசு என்று முடிவு செய்து புதிய பதிப்பை இறக்கினேன். அது வந்து சேர்வதற்குள் பக்கத்துக் காலிமனையில் ஒரு வீட்டுக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். புதிய பதிப்பிலும் என் பழைய நிரலைத்தான் ஓட்டினேன். அதே பதினேழு வந்தது.

சனிக்கிழமை மாலையில், வேறு வழி எதுவும் மிச்சமில்லாததால், கோப்புகளில் ஒன்றைத் திறந்தேன்.

முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி இருந்தது. அந்த வரியில் 'உ' என்ற ஒற்றை எழுத்தைத் தவிர வேறில்லை. இரண்டாம் வரியில் 'வீடு', 'உப்பு அளவு' என்ற தலைப்புகள். மூன்றாம் வரியிலிருந்து எண்கள்.

எனக்கு இது தெரியாத செய்தி அல்ல. மாணவர்களை ஆய்வகத்தில் எதையும் நிரூபிக்காமல் நம்பவிடாத என் மனைவி, பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுதமாட்டாள். மளிகைச் சாமான் சீட்டில் போடுவாள். அமிலம், காரம் பற்றிய வினாத்தாளின் மூலப்படியில் போடுவாள். என் ஆய்வுக் கட்டுரை ஒன்றின் கைப்படியில்கூட, தபாலில் சேர்க்குமுன், எனக்குத் தெரியாமல் ஒரு மூலையில் போட்டிருந்தாள். கணினியில் வேலை செய்யும்போது மட்டும் பிள்ளையாருக்கு விடுமுறை கொடுத்திருப்பாள் என்று நான் எந்த ஆதாரத்தில் நம்பினேன் என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். மென்பொருள் முதல் வரியைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அங்கே பிள்ளையார் அமர்ந்திருந்ததால், உண்மையான தலைப்புகள் ஒரு வரி கீழே இறங்கி எண்களோடு கலந்துவிட்டன. எண்களுக்கு நடுவே 'உப்பு அளவு' என்ற சொல்லைக் கண்டதும் மென்பொருள் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து என்று தீர்மானித்துவிட்டது. அதுவரை அது செய்ததில் பிழையே இல்லை. பிழையை நான் செய்தேன். என் பழைய நிரல், அந்த எழுத்துகளையெல்லாம் வெறும் பெயர்ச்சீட்டுகளாகக் கருதி, அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்திருந்தது. எண்ணாக மாற்று என்றதும் அந்த வரிசை எண்களை எடுத்து நீட்டியது. வகுப்பின் மதிப்பெண் சராசரியைக் கேட்ட தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவேட்டு எண்களின் சராசரியைப் போட்டுக் கொடுத்தவனின் நிலை என்னுடையது. இந்தப் பிழையைச் செய்த மாணவர்களை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்திருக்கிறேன்.

தீர்வு எளிது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து முதல் வரியை அழித்துவிட்டால் போதும். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். சற்று நேரம் வைத்திருந்தேன். பிறகு, மூலத் தரவில் ஆய்வாளர் கைவைக்கக் கூடாது என்ற கொள்கை நினைவுக்கு வந்தது. உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட, மிக நல்ல கொள்கை. அன்று அது எனக்கு வசதியாகவும் இருந்தது. கோப்புகளை அப்படியே மூடிவிட்டு, 'முதல் வரியை விட்டுவிட்டுப் படி' என்ற கட்டளையை நிரலில் சேர்த்தேன்.

அதோடு முடியவில்லை. எண் இருக்க வேண்டிய கட்டங்கள் சிலவற்றில் அவள் சொற்களைப் போட்டிருந்தாள். 'ஆள் இல்லை' என்று சில இடங்களில். 'மோட்டார் ரிப்பேர்' என்று சில இடங்களில். ஒரு வீட்டுக்கு நேரே, தொடர்ந்து பல மாதங்கள், 'நாய்' என்று மட்டும் இருந்தது. இவையெல்லாம் விடுபட்ட மதிப்புகள் என்று மென்பொருளுக்கு ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். முனைவர் பட்டம் பெற்று, ஓய்வும் பெற்ற பிறகு, நாய் என்றால் விடுபட்ட மதிப்பு என்று ஓர் இயந்திரத்துக்குக் கற்பித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் அந்த மென்பொருள் சராசரியைத் தராது. மொத்தத்துக்கும் 'இல்லை' என்றே விடை சொல்லும். விடுபட்டதை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துக் கணக்கிடு என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். அதை முரட்டுப் பிடிவாதம் என்று வகுப்பில் கேலி செய்திருக்கிறேன். அன்று கேலி தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன், கணக்கிட்டது. தெருவின் சராசரி ஆயிரத்தைத் தாண்டி நின்றது. பருப்பு வேகாததற்கு அது போதும்.

திங்கட்கிழமை தாளோடு திருவள்ளூருக்கு நானும் போனேன். தெருவிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் தாளை வாங்கி, முதல் வரியில் தன் வீடு இருப்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் கொடுத்தார். எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடிப் பார்த்தார்கள். நாய் வீட்டுக்காரரும் வந்திருந்தார். தம் வீட்டுக்கு நேரே ஏன் இரண்டு மாத அளவு மட்டும் என்று என்னைக் கேட்டார். தெருவே சேர்ந்து அவருக்குப் பதில் சொன்னது. தாளை வாங்கிய அதிகாரி நிதானமாகப் படித்தார். தெருமுனையில் ஒரு தொட்டி வைத்து லாரித் தண்ணீர் ஊற்ற உடனே ஏற்பாடு செய்வதாகவும், குழாய்க்கு மதிப்பீடு போடும்வரை மாதாமாதம் இதே அளவீட்டை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எந்த வீட்டின் அளவு தாளில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் இணைப்பு என்பதை இருமுறை சொன்னார்.

மீட்டரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இனி அளப்பது அவர், கணக்கிடுவது நான் என்று ஏற்பாடு.

தொட்டி வந்தது. மாசி மாத அளவுகளை அவரே கோப்பாகத் தட்டச்சு செய்து அனுப்பினார். என் நிரல் இப்போது கச்சிதமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில், அதைத் திறக்காமலே ஓட்டி, விடைத்தாளைத் திருப்பி அனுப்பினேன். கண்ணாடிச் சட்டம் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் அழைப்பு வந்தது.

"சார், எங்க ஊட்டு தண்ணி எங்க போச்சு? எல்லார் ஊடும் கீது, எங்க ஊடு மட்டும் காணோம். ஆபீசுக்கு அனுப்பிடலியே?"

நல்லவேளையாக அனுப்பியிருக்கவில்லை. விசாரித்தபோது புரிந்தது. அவருடைய கோப்பில் பிள்ளையார் சுழி இல்லை. முதல் வரியை விட்டுவிட்டுப் படி என்று நான் கட்டளையிட்டிருந்ததால் மென்பொருள் தலைப்பை விட்டுவிட்டது. அடுத்த வரியில் இருந்த அவர் வீட்டைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது. பத்து வயது முதல் உப்புத் தண்ணீர் இறைத்த ஒருவரின் வீட்டை, குழாய் கேட்கும் தாளிலிருந்து நான் அழித்திருந்தேன்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். டீச்சர் நோட்டுல மேல போட்றத பாத்துகீறேன், அது எனக்கு எதுக்குன்னு உட்டுட்டேன்."

அது பிள்ளையாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை அம்மா, ஒரு புள்ளி போட்டாலும் சிலுவை போட்டாலும் போதும், மேலே ஒரு வரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அவருடைய கோப்புக்கு மட்டும் அந்தக் கட்டளையை நீக்கிவிட ஒரு நிமிடம் போதும். அதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.



"வேணா சார். டீச்சர் போட்டாமாதிரியே போட்டுட்றேன். உங்க மிஷினு அவங்க கைக்குத்தான பழகிக்கினு கீது."

ஆமாம் என்றேன்.

கோப்பு மறுபடியும் வந்தது. இந்த முறை முதலில் திறந்து பார்த்தேன். மேலே 'உ', அதன் கீழே தலைப்பு, அதன் கீழே அவருடைய வீடு. பிறகுதான் மென்பொருளைப் படிக்கச் சொன்னேன்.